ஷட்டருக்குப் பின்னால் கிடந்தவன்

அன்பு வாயாடிக்கு,

நானும் உன் சித்தியும் கல்லுக்குண்டுபோல் இருக்கிறோம், அவள் என்னைத் திட்டும் குரல் அதைவிடத் திடமாக இருக்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய, நடுவில் ஒரு கடலே படுத்துக்கிடக்கிறதே. போனில் அழுதுகொண்டே, பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க சித்தப்பா, எதுக்கு வம்புன்னு கெஞ்சினாய். உன் அண்ணன் பாதிக் கதையைத்தான் உன் காதில் ஊதியிருக்கிறான், மீதியைக் கேள்.

என் கடை இருக்கும் ரயில் நிலையத்தில் பயங்கரவாதிகள் புகுந்தால் என்ன செய்வது என்று அரசாங்கம் ஒத்திகை நடத்தியது. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று ஒரு படையே வந்து இறங்கியது. வெளிநாட்டு அதிகாரிகளும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். இந்தக் கும்பல்கள் ஒரு நாட்டில் பணம் திரட்டி, இன்னொரு நாட்டில் ஆள் பிடித்து, மூன்றாவது நாட்டில் குண்டு வைக்கின்றனவாம், அதனால் அரசாங்கங்களும் கைகோத்துத் தகவலைப் பகிர்ந்து, ஒருவர் பயிற்சியை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டுமாம். நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை. காயம்பட்டவர்களாக நடிக்க நிலையத்துக் கடைக்காரர்களைக் கேட்டார்கள். பயணப் பெட்டிக்குச் சக்கரம் மாட்டுகிறவன்தான் என்றாலும், எனக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்த மாபெரும் நடிகன் விழித்துக்கொண்டான். கழுத்தில் சிவப்பு அட்டை மாட்டினார்கள், உடனே தூக்காவிட்டால் உயிர் போய்விடும் என்று அர்த்தம். சுரங்கப்பாதையில் படுத்து நான் முனகிய முனகலில் கூரைப் புறாக்கள் குடும்பத்தோடு வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தன.

அந்த நேரம் பார்த்து, தீ பரவாமல் தடுக்கும் இரும்பு ஷட்டர் தானாக இறங்கிவிட்டது. நான் இந்தப் பக்கம், மீட்புப் படை அந்தப் பக்கம். ஒரு தலை குறைவதைக் கண்டுபிடித்திருப்பார்கள்தான், ஆனால் அதிகாரிகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுவந்த ஆள் கால் இடறி விழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். நான் சோறு கொண்டாந்தவன்யா, விடுங்கய்யான்னு அவன் போட்ட கூச்சலை, அதிர்ச்சியில் பிதற்றுகிறான் என்று குறித்துக்கொண்டார்களாம். கணக்குச் சரியாகிவிட்டது, கைதட்டினார்கள், போய்விட்டார்கள். சாப்பிட வரவில்லையே என்று தேடி வந்த உன் சித்திதான் ஷட்டரில் காதை வைத்துக் கேட்டு, துப்புரவு வேலை செய்யும் அம்மாவைக் கூட்டிவந்து, இருவருமாகக் கைப்பிடியைச் சுற்றித் தூக்கினார்கள். நடிப்பு முடிஞ்சு ஊரே வீட்டுக்குப் போயாச்சு, இன்னும் என்ன படுக்கை வேண்டிக்கிடக்கு என்பதுதான் அவள் அளித்த முதலுதவி.

பிறகு ஓர் அதிகாரி காகிதத்தோடு கடைக்கு வந்தார். நான் பத்திரமாக மீட்கப்பட்டேன் என்று எழுதியிருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, நீங்க மட்டும்தான் பாக்கி, இல்லேன்னா கடை உரிமம் புதுப்பிக்கிறது கொஞ்சம் கஷ்டம் என்று பூப்போலச் சொன்னார். சார், ஷட்டர் விஷயம் எதிரி காதுல விழக்கூடாது, பேப்பர்க்காரன்கிட்ட நான் மூச்சு விடமாட்டேன், ஆனா உங்க காதுலயாவது விழணுமில்ல என்றேன். நாட்டோட மானம் சார் என்றார். மானத்துக்கு ஷட்டரைத் தூக்கத் தெரியாது சார் என்றேன். உன் சித்தி தினமும் அந்தப் பாதையில்தான் வேலைக்குப் போய்வருகிறாள். நிஜமாகவே ஒரு நாள் பயங்கரவாதி வந்துவிட்டால், உள்ளே கிடப்பது என்னைப்போல் நடிகனாகவா இருக்கும்?

இருந்தாலும் நீ சொல்லி நான் தட்டுவேனா, கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேலே என் கையாலேயே ஒரு வரி எழுதினேன்: என்னை மீட்டது என் மனைவியும் துப்புரவு அம்மாவும், ஷட்டருக்குப் பின்னால் அரசாங்கம் எட்டிப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் பூட்டு. பூட்டட்டும், எதிர் நடைபாதையில் துணி விரித்து உட்கார்ந்துவிட்டேன், உலகத்தில் உடையும் சக்கரமெல்லாம் என்னைத் தேடித்தான் உருண்டு வருகிறது. எங்களை அங்கே வந்து இருக்கச் சொல்கிறாயே, குண்டு வைக்கிறவனுக்கும் அதுதானம்மா வேண்டும், நாம் பயந்து இடத்தைக் காலிசெய்ய வேண்டும். மாட்டோம். அவனுக்கும் நகரமாட்டேன், பூட்டுக்கும் நகரமாட்டேன்.

நேற்று அந்த அதிகாரிக்கு மேலே இருக்கிற அம்மா ஒருவர் வந்தார். குனிந்து, நீங்க எழுதின வரியைப் படிச்சேன், பூட்டு என் கையில இல்லை, ஆனா ஒத்திகையை மறுபடி நடத்துறேன், நீங்க வரணும் என்றார். வருகிறேன், ஆனால் எங்கே விழுந்து கிடப்பேன் என்று சொல்லமாட்டேன் என்றேன். அது எப்படிங்க என்றார். குண்டோட வர்றவன் சொல்லிட்டா வருவான், தேடுங்கம்மா என்றேன். சிரிக்கவில்லை, சரி என்றார்.

நீ நூறாண்டு நன்றாக இரு, உன் வாய் இருநூறு ஆண்டு இருக்கட்டும். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வெளியே போகும் கதவு எங்கே என்று பார், பார்த்தால் போதாது, தள்ளிப் பார், திறக்கிறதா என்று. மறக்காதே.

அரசாங்கம் இன்னும் மீட்காத
உன் சித்தப்பா