ஒன்பது அடிக் கோடு

ஜூன் 9, திங்கள்

மதியம் சின்னவன் போன் செய்தான். நல்லா இருக்கீங்களா, சாப்பிட்டீங்களா, எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பில், "பெரியம்மா, சுவரு அழுக்கா இருக்கா?" என்றான்.

தங்கையின் இளைய மகன். அந்தப் பெரிய கம்பெனியில், சுற்றியிருக்கும் ஊர்களுக்கு நல்லது செய்வதற்கென்றே இருக்கும் பிரிவில் வேலை பார்க்கிறான். உலகம் முழுக்க அவர்களுக்கு நாற்பது தொழிற்சாலைகளாம். நாற்பதிலும் இப்படி ஒரு சின்னவன் யாராவது ஒரு பெரியம்மாவுக்குப் போன் செய்துகொண்டிருப்பான் போல. வருடத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் ஆட்கள் அறுபது பேர் ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு எங்கள் பள்ளிக்கு வந்து, இரண்டாம் வகுப்பின் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார்கள். இது ஆறாவது வருடம்.

"போன வருஷம் அடிச்சது அப்படியே பளபளன்னு இருக்குடா" என்றேன் பெருமையாக. அந்தப் பக்கம் பெருமூச்சு. அடிப்பதற்கு முன்னால் ஒரு படம், அடித்த பின் ஒரு படம் தலைமையகத்துக்குப் போக வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மேலே கேள்வி வரும். "கொஞ்சம் பாத்துக்கோங்க பெரியம்மா."

பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? மூன்று வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

இரண்டாம் வகுப்பு டீச்சர் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாலைப் பக்கத்துச் சுவரில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை ஒரு விரிசல். போன வருடம் மயிரிழை மாதிரி இருந்தது. இப்போது பென்சில் நுழைகிறது. எந்தப் பிள்ளையோ நுழைத்தும் பார்த்திருக்கிறது, உள்ளே ஒரு பென்சில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

ஜூன் 12, வியாழன்

வாயாடியின் அப்பா கொத்தனார். (வாயாடி இரண்டாம் வகுப்பில் முதல் பெஞ்சு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை.) மகளை விட வந்தவரை அப்படியே நிறுத்திக்கொண்டேன். கரண்டியின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். டாக்டர் மாதிரி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பிறகு விரிசலின் குறுக்கே மூன்று இடத்தில் காகிதப் பட்டை ஒட்டச் சொன்னார், ஒவ்வொன்றிலும் தேதி போட்டு. "கிழியாம இருந்தா சுவரு சும்மா இருக்குன்னு அர்த்தம் டீச்சர். கிழிஞ்சா நகருது."

நோட்டு அட்டையிலிருந்து நானே வெட்டி ஒட்டினேன்.

ஜூன் 16, திங்கள்

மூன்றும் கிழிந்திருந்தன.

ஜூன் 18, புதன்

கொத்தனார் விவரமாகச் சொல்லிவிட்டார். சுவருக்கு வெளியே நான்கடி தள்ளிச் சாலை. நாள் முழுக்கக் கம்பெனி லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் கரும்பலகை ஆணியில் ஆடுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், கைக்கடிகாரம் இல்லாத டீச்சர்கள் அதை வைத்தே மணி சொல்வார்கள். அடியில் மண் இறங்கியிருக்கிறதாம். வெளியே முட்டுக் கொடுக்க இடமில்லை, லாரி இடிக்கும். "கூரைக்கு ஒண்ணும் ஆகாது, அது பக்கத்துச் சுவருங்க மேல உக்காந்திருக்கு. ஆனா இந்தச் சுவரு சாஞ்சா உள்ளதான் சாயும். வெளியில மண்ணு ஒசரம்."

உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள்.

சாயங்காலம் சின்னவனைக் கூப்பிட்டேன். இந்த வருடம் பெயிண்ட் வேண்டாம், அதற்குப் பதில் சுவரை இடித்துக் கட்டிக் கொடுங்கள் என்றேன். அறுபது பேர் வருகிறீர்களே, ஆளுக்கு நூறு செங்கல் வைத்தால் முடிந்தது. அவன் சிரிக்கவில்லை.

"முடியாது பெரியம்மா. எங்க ஆளுங்க நாலு மணி நேரத்துல கையால செஞ்சு முடிக்கிற வேலையா இருக்கணும். கட்டட வேலை எங்க பட்டியல்லயே இல்ல. நாளைக்கு அதுல ஏதாவது ஆச்சுன்னா கம்பெனி பேரு வரும்ல? சுவர்ல கை வைக்கலாம். சுவருக்குள்ள கை வைக்கக் கூடாது."

உங்க லாரிதானேடா ஆட்டுது என்று கேட்க வாய் வரை வந்தது. பாவம், லாரியா அவனுடையது? கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, கடிதமும் எழுதினேன். பொறியாளர் ஜூலை முதல் வாரம் பார்வையிட வருவாராம். கடவுளே, சீக்கிரம் வரட்டும்.

ஜூன் 27, வெள்ளி

கடைசி வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சேறு கரைக்கச் சொன்னேன். இரண்டு வாளி. சுவருக்கு உள்ளே ஒரு வாளி, வெளியே ஒரு வாளி. அவர்கள் சந்தோஷத்தைக் கேட்கவா வேண்டும்! சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டால் காதைத் திருகுகிற கையால் நானே வாளியைத் தூக்கிக் கொடுத்தேன். உலகத்தில் வேறு எந்தத் தலைமை ஆசிரியையாவது இப்படிச் செய்வாளா?

சின்னவன் படம் எடுத்தான். "சூப்பர் பெரியம்மா, பாக்கவே பரிதாபமா இருக்கு."

ஜூன் 28, சனி

வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள்.

உள்ளே பளிச்சென்று மஞ்சள், வெளியே நீலம், மேலே பூக்கள். உண்மையைச் சொன்னால் எனக்கே மனது நிறைந்துவிட்டது. விரிசல் பக்கம் ஒரு பெண் ஒண்டியாக உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் வேலை பார்த்தாள். என் காகிதப் பட்டைகளை ஈரத்துணியால் ஊறவைத்து, சுரண்டி, பென்சிலைக் கூட இடுக்கியால் எடுத்துவிட்டு, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து... அவள் வீட்டுச் சுவராக இருந்தால்கூட அவ்வளவு செய்திருக்க மாட்டாள். நான் இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பென்சிலை என் கையில் கொடுத்துச் சிரித்தாள்.

அப்போதும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

பொறியாளர் வந்தார். "எங்கம்மா விரிசல்? காட்டுங்க."

எங்கே காட்டுவது? மஞ்சளாக, வழவழவென்று, ஒரு பெரிய பூ அதன் மேல். நான் பீரோ சாவியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். அவர் பதறிவிட்டார். "நல்ல சுவத்த ஏம்மா சுரண்டுறீங்க? கம்பெனிக்காரங்க எவ்வளவு அழகா செஞ்சு குடுத்திருக்காங்க!"

கொத்தனாரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். அவர் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். பொறியாளருக்கு இன்னும் ஆறு பள்ளிகள் பார்க்க வேண்டியிருந்தது. படிவத்தில் எங்கள் பள்ளிக்கு நேரே "நன்று" என்று எழுதி என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கையெழுத்துப் போட்டேன். போட்டேனே! ஏன் போட்டேன்? பேனாவை நீட்டினால் போட்டுவிடுகிற பழக்கம், வேறென்ன.

ஜூலை 21, திங்கள்

பூ இரண்டாகப் பிளந்திருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

அலுவலகத்துக்கு நேரில் போனேன். எழுத்தர் கோப்பைத் திருப்பி என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார். இந்த வருடம் "நன்று" என்று பதிவான கட்டடத்தை அடுத்த சுற்றில்தான் மறுபடி பார்ப்பார்களாம். அடுத்த சுற்று எப்போது? இரண்டு வருடம் கழித்து. பெற்றோர்களே சேர்ந்து இடித்துக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். நல்ல நிலையில் உள்ள அரசுச் சுவரை இடித்தால் என் மேல் நடவடிக்கை வரும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "சுவருக்கு வருஷா வருஷம் புதுத்துணி எடுத்துக் குடுத்து நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்றார். வழக்கமாகச் சிரிப்பேன். இன்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டாம் வகுப்பைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மழை. முப்பத்தொரு பிள்ளைகளும் பையைத் தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டி நின்றார்கள், வேறு சுவர். ஒன்பது பேருக்கு ஜுரம்.

ஆகஸ்ட் 20, புதன்

பெற்றோர் யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நனைந்தது அவர்கள் பிள்ளை. அலுவலகத்திலிருந்து ஓலை: நல்ல நிலையில் வகுப்பறை இருக்கும்போது பிள்ளைகளை மழையில் உட்கார வைத்ததற்கு விளக்கம் தேவை. நாளை முதல் அறையில் வகுப்பு நடக்க வேண்டும்.

மற்ற அறைகளில் திணிக்கலாமா என்று அளந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் ஏற்கெனவே ஒரு பெஞ்சில் ஐந்து பேர்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கொத்தனார் சொன்ன கணக்கு சுலபமானது. சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளி இருந்தால் ஆபத்தில்லை. டேப் பிடித்தோம். ஒன்பது அடி. அறையின் நீளமே பத்தொன்பது. சுண்ணக்கட்டியால் தரையில் குறுக்கே கோடு போட்டேன். பெஞ்சுகளை எல்லாம் இந்தப் பக்கம் நெருக்கினோம். டீச்சருக்கு நடக்க இடமில்லை, நின்ற இடத்திலேயே பாடம்.

பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன். கோட்டைத் தாண்டக் கூடாது. பந்து போனாலும், ரப்பர் உருண்டாலும், போனது போனதுதான்.

வாயாடி கையைத் தூக்கினாள். "சுவரு நம்ம மேல கோவமா இருக்கா டீச்சர்?"

செப்டம்பர் 8, திங்கள்

கோடு தினமும் அழிகிறது. தினமும் காலையில் போடுகிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சின்னவன் வீட்டுக்கே வந்தான். தங்கை கொடுத்தனுப்பியதாக ஒரு பை நிறையப் பழம். பழத்தைப் பார்த்ததுமே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

தலைமையகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார். நாற்பது இடத்திலும் நடக்கும் நல்ல காரியங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. அடித்த பின் எடுத்த படத்தில் எங்கள் மஞ்சள் சுவரைப் பார்த்துப் பிடித்துப்போய்விட்டதாம். அவருக்கும் கையால் ஏதாவது செய்ய வேண்டுமாம்.

"அவங்ககிட்டயே விரிசலக் காட்டுறேன்டா."

"பெரியம்மா, என் வேலைய நிரந்தரம் பண்றதே அவங்க கையெழுத்துலதான் இருக்கு. வந்த அன்னிக்கே செஞ்ச வேலை சரியில்லன்னு காட்டுனா நான் எங்க போவேன்? அவங்களுக்கு ஊரு பிடிக்கட்டும். அடுத்த வருஷம் நானே கட்டடம் கேட்டு எழுதுறேன். சத்தியமா. இந்த ஒரு நாளு மட்டும் வாயத் தொறக்காதீங்க."

அவனுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இவனைத் தூக்கி வளர்த்த இடுப்பு இன்னும் வலிக்கிறது எனக்கு. சரி என்றேன். முப்பத்தொரு பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

ஐந்தாம் வகுப்பில் சேறு கரைக்கச் சொல்ல நினைத்து நினைத்து நாக்கு எழவில்லை. கடைசி மணி அடித்து வெளியே வந்தால், அவர்களே இரண்டு வாளி கரைத்து முடித்துவிட்டிருந்தார்கள். நாளைக்குக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். உள்ளே சுவர்ப் பக்கம் பூசப் போனவர்களைச் சத்தம் போட்டு நிறுத்தினேன்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னே வீசிட்டோம் டீச்சர்" என்றான் ஒருவன். நல்ல பிள்ளைகள். பிளந்த பூ சேற்றுக்குள் மறைந்துபோயிருந்தது.

அக்டோபர் 18, சனி

அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் வாயைத் திறந்திருப்பேன்.

பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்திருந்தோம். அவர் தரையில் இருந்த கோட்டைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். சின்னவன் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டான். வாயாடியை முந்த யாரால் முடியும்? "அந்தப் பக்கம் சுவரு விழற எடம். இந்தப் பக்கம் நாங்க உக்கார்ற எடம்."

சின்னவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்பு டீச்சர் தரையைப் பார்த்தாள். பிறகு அவன் அந்த அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் புரியும். பிள்ளைகள் விளையாடப் போட்டிருக்கிறார்கள் என்றான்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் அவரும் ஆடியிருக்கிறாராம். பெயிண்ட் டப்பாவையும் தூரிகையையும் கேட்டு வாங்கினார். என் சுண்ணக் கோட்டின் மேல் வெள்ளைப் பெயிண்டால் நேராக இழுத்தார். அதிலிருந்து சுவரை நோக்கி நொண்டி ஆட்டத்துக்குக் கட்டம் கட்டமாகப் போட்டார். எட்டுக் கட்டம், ஒவ்வொன்றும் ஒரு நிறம். எட்டாவது கட்டம் சுவரைத் தொட்டுக்கொண்டு. அதில் ஒரு சூரியன்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதை எழுதும்போது அந்தக் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

ஏழு மணிக்கே மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு போனேன். முழங்கால் போட்டுத் தேய்த்தேன். எனாமல் பெயிண்ட். இரண்டாவது கட்டத்தின் மூலை கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். சூரியன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வாயாடி கோட்டில் வந்து நின்று கட்டங்களையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "டீச்சர், அப்ப இனிமே சுவரு விழாதா?"

அவளைத் தோளில் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அதற்குள் நான்கு பேர் ஒற்றைக் காலில் மூன்றாவது கட்டம் வரை போய்விட்டார்கள். தினமும் முப்பத்தொரு பேரைப் பிடித்து இழுக்க என்னிடம் எத்தனை கை இருக்கிறது?

கடைசியில், லாரிச் சத்தம் கேட்டால் எல்லோரும் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓடி வந்துவிட வேண்டும் என்று சொன்னேன்.

மதியத்துக்குள் அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். லாரி வரும்போது கடைசியாக ஓடி வருகிறவர்தான் ஜெயித்தவராம்.