பாத்திரமா, இசைக்கருவியா?

லிமா, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்று எங்கள் அருங்காட்சியகக் கிடங்குக்குப் பழைய மண்குடுவை ஒன்று வந்தது. அதன் தோளில் ஒரு மண்குருவி. குருவியின் கழுத்தில் சிறு துளை. பாத்திரமா, இசைக்கருவியா, எந்தப் பட்டியலில் எழுதுவது என்று தயங்கினேன்.

"தண்ணி ஊத்தி வைக்கிறது பாத்திரந்தானே, மலைக்காரி? சட்டுனு எழுது!" என்றார் மேலாளர் கசில்டா.

நான் குடுவையின் வாயில் மெல்ல ஊதினேன். குருவி விசிலடித்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடியே எதெல்வினா! ரெண்டு பட்டியல்லயும் எழுதிடு," என்று சிரித்தார் கசில்டா.

நான்கு மாதத்தில் இங்கே என்னைப் பெயர்சொல்லி அழைத்தது அதுவே முதல்முறை. கொஞ்சம் அழுதேன், பயப்படாதீர்கள்.

காய்ந்த உருளைக்கிழங்கை அருங்காட்சியக முகவரிக்கே அனுப்புங்கள். பொட்டலத்தில் என் முழுப்பெயரையும் பெரிதாக எழுதுங்கள். வாசல் காவலாளி அதைச் சத்தமாக வாசிப்பார்.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்,
எதெல்வினா மாமானி