இடது கையால் பிடித்த படங்கள்

வைகாசி 17, திங்கள்

புழுக்கம். மணி பத்தாகியும் ஐஸ் வரவில்லை. தொட்டித் தண்ணீர் வெந்நீர் மாதிரி. கழுவிய இரண்டு பிலிம்களில் ஒன்றின் பூச்சு கூழாக வழிந்துவிட்டது. டாக்டர் கத்தினார். கத்தட்டும். வைகாசி மாதத்துக் கல்கத்தாவில் ஐஸ் இல்லாமல் பல் படம் கழுவ என்னால் ஆகாது. யாராலும் ஆகாது.

காலையில் வழக்கம்போல எக்ஸ்ரே குழாயைச் சோதித்தேன். வலது கை சுவிட்சில், இடது கை ஒளிரும் திரைக்கு முன்னால். விரல் எலும்பு பளிச்சென்று கறுப்பாகத் தெரிந்தால் குழாய் சரி. தெரிந்தது.

நோயாளிகள் மூன்று பேர். ஒரு படத்தின் ஓரத்தில் என் விரல் நுனி. டா. பாதி வங்காளத்திலும் பாதி இங்கிலீஷிலுமாக: "மறுபடியும் உன் விரலா, ஐயர் பாபு? உன் எலும்பை யார் கேட்டார்கள்?"

வாங்க வேண்டியது: சோப்பு, படம் கழுவ ஹைப்போ, கறுப்புக் காகிதம், கிராம்பு. கிராம்பு என் மனைவி காமுவின் பல்வலிக்கு.

வைகாசி 18, செவ்வாய்

அதே புழுக்கம். ஐஸ் வந்தது.

இடது ஆள்காட்டி விரல். தை மாதம் நகம் போயிற்று. பங்குனியில் புண். இன்னும் ஆறவில்லை. வலி இல்லை. இன்று காமுவின் தையல் ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஆழமாக. ஒன்றும் இல்லை.

கழுவுகிற மருந்துத் தண்ணீர் பட்டது என்று காமுவிடம் சொல்லியிருக்கிறேன். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மருந்தில் இரண்டு கையும்தான் முங்குகிறது. வலது கைக்கு ஒன்றுமில்லை.

நோயாளியின் வாய்க்குள் பிலிமைப் பிடித்துக்கொள்வது இடது கை. வேலைக்குச் சேர்ந்த அன்றே வைத்துக்கொண்ட வழக்கம். யார் யார் வாயிலோ விட்ட கையால் சோறு பிசைய எனக்கு மனம் வராது. எத்தனை சோப்புப் போட்டாலும் எச்சில் எச்சில்தான். ஓரத்தை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலுமாகப் பிடிக்க வேண்டும். டா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சுவிட்சைப் போடுவார். நான் நாற்பது எண்ணுவேன்.

மூன்று வருஷமாக எண்ணுகிறேன்.

வைகாசி 19, புதன்

ஆஸ்பத்திரி. நீண்ட வராந்தா, பினாயில் வாசனை. சர்ஜன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சனிக்கிழமை காலை எடுத்துவிட வேண்டும், அடியோடு. கட்டைவிரலைப் பிறகு பார்க்கலாமாம். கட்டுப் போட்டு அனுப்பினார்.

பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

டா.விடம் சொன்னேன். பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டார். டீ வரவழைத்தார். பிறகு முதுகைத் தட்டி, "கவலைப்படாதே. வலது கை நன்றாக இருக்கிறதே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். சரி என்றேன்.

டிராமில் வீடு இருக்கிற பவானிபூர் வரை வலது கையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். சாப்பிடுகிற கை. இந்த நோட்டை எழுதுகிற கை. வேலையை விட்டால் வேறு என்ன தெரியும்? இருட்டறையும் இந்தக் குழாயும்தான் தெரியும்.

காமுவிடம் சொல்லவில்லை. அவள் கன்னம் வீங்கியிருக்கிறது. கிராம்பு பிரயோஜனமில்லை.

வைகாசி 20, வியாழன்

மேகம். காற்று இல்லை.

காமுவை டா.விடம் அழைத்துப் போனேன். பல்லைப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று அவரே சொல்லியிருந்தார். நாற்காலியில் சாய மாட்டேன் என்றாள். விளிம்பில் உட்கார்ந்தாள். அந்நிய மனுஷர் எதிரே வாயைத் திறக்க அவ்வளவு கூச்சம்.

டா. கதவுக்கு அந்தப் பக்கம் போய், "தொரோ" என்றார். பிடி என்று அர்த்தம். இடது கையில் கட்டு. பிலிமை வலது கையில் எடுத்தேன்.

காமு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "ஐயய்யோ, அந்தக் கையை வாயில விடாதேங்கோ. சாப்பிடற கைன்னா அது. குடுங்கோ இப்படி, நானே பிடிச்சுக்கறேன். என் வாய்தானே?"

என்ன சொல்கிறாள் என்று டா. கேட்டார். சொன்னேன். "பிடிக்கட்டுமே" என்றார்.

எங்கே பிடிப்பது என்று காட்டிவிட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். முதல் தடவையாக. அங்கே இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். நாற்பது எண்ணினேன். அவள் கொஞ்சம்கூட அசையவில்லை. அவளுக்கு இது ஒரு தடவைதான்.

சிவப்பு விளக்கில் கழுவினேன். வேர் நுனியில் கடுகளவு கறை, சீழ். ஓரத்தில் அவள் விரல் எலும்பு, மெல்லிசாக. நல்ல படம். திங்கட்கிழமை பல்லைப் பிடுங்கிவிடலாம்.

டிராமுக்கு நிற்கும்போது:

"தினமும் நீங்கதான் பிடிக்கறேளா?"

"ஆமா."

"வரவா எல்லாருக்குமா?"

"ஆமா."

"ஏன், அவாளுக்கெல்லாம் கை இல்லையா?"

டிராம் வந்தது. ஏறினோம். ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தேன்.

வைகாசி 21, வெள்ளி

மழை. ஐஸ் மிச்சம்.

காலையில் குழாயைச் சோதிக்கவில்லை. கை அதுபாட்டுக்குத் திரையிடம் போயிற்று. இழுத்துக்கொண்டேன்.

ஒரே நோயாளி. ஜவுளிக்காரர், கடைவாய்ப் பல். டா. வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் ஜவுளிக்காரரிடம் பிலிமைக் கொடுத்து, "ஆப்னி நிஜே தொருன்" என்றேன். நீங்களே பிடியுங்கள். பிடித்தார். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நோயாளிகளுக்குக் கோபம் வரும், கௌரவம் குறையும் என்றெல்லாம் நினைத்திருந்தோம். மூன்றே வார்த்தை.

கிளம்பும்போது டா. தயங்கித் தயங்கிக் கேட்டார்: விரலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டுமா, ஞாபகத்துக்கு? வேண்டாம் என்றேன். அலமாரியைத் திறந்தால் போதும். மூன்று வருஷத்துப் பல் படங்கள். பாதிக்கு மேற்பட்டதில் ஓரத்தில் அந்த விரல்தான் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து நாளைக்காலை விஷயத்தைக் காமுவிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எந்த விரல்?"

கட்டைப் பிரித்துக் காட்டினேன். அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து பார்த்துத்தான் தெரிந்தது, பிடித்திருக்கிறாள் என்று.