படத்திலிருந்து ‘ப’வை எடுத்தால்

என் பெண்ணின் அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நீங்கள் வீட்டை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. விட்டுப்போன உளிகளைத் துரு ஏறாமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைக்கிறேன்.

“என் பொண்ணு ஒண்ணும் மக்கு இல்ல” என்று, பள்ளியில் கொடுத்த பரிசோதனைப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். நேற்று நானே அவளை அந்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். கோபப்படாதீர்கள்.

ஊசி, மருந்து எதுவும் இல்லை. ஒரு டீச்சர் விளையாட்டுப்போலக் கேட்டார்: “‘படம்’ல இருந்து ‘ப’வ எடுத்துட்டா என்ன மிச்சம், கண்ணு?”

நம் பெண் நன்றாக யோசித்து, “செவுத்துல ஆணி” என்றாள். தச்சன் மகள் அல்லவா! டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு என்னிடம் சொன்னார்: “கெட்டிக்காரிங்க இவ. ஓசையையும் எழுத்தையும் சேக்குறதுதான் கஷ்டமா இருக்கு. அஞ்சு வயசுலயே தெரிஞ்சது நல்லதாப் போச்சு, வேற மாதிரி சொல்லிக் குடுக்கலாம். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?”

நான் “இல்லை” என்று சொல்வதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “எங்க அப்பாவுக்கும் எழுத்து நிக்காம ஓடும். அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

வழியெல்லாம் அழுதேன். மருந்துச் சீட்டோ பள்ளிச் சீட்டோ, எதை நீட்டினாலும் “கண்ணாடி எடுத்துட்டு வரல, நீயே படி” என்பீர்கள். உங்களுக்குக் கண்ணாடியே கிடையாது. ஏழு வருடமாக அது எனக்கு உறைக்கவில்லையே!

இனி அவளுக்குச் சனிக்கிழமைதோறும் வகுப்பு. பக்கத்தில் அப்பாவும் உட்காரலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள்.

பெரிய எழுத்தில், இடம் விட்டு விட்டு எழுதியிருக்கிறேன். வேறு யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். எந்த வரியில் நின்றாலும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பி வாருங்கள். மிச்சத்தை நான் படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி