ஜும்ஆவில் வாசித்த பெயர்

சாய்ந்தமருது
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸகியாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் நல்ல சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை, கேட்டால் ஓம் என்று பொய் சொல்வாய், அந்தப் பாவம் எனக்கு எதற்கு.

இங்கே நல்ல மழை, முற்றமெல்லாம் சேறு. அந்தச் சேற்றை மிதித்துக்கொண்டு இரண்டு நாளாக ஊரே நம் வீட்டுக்கு நோய் விசாரிக்க வருகிறது. நோயாளி வேறு யாருமில்லை, நீதான். ஏசாமல் கேள். வியாழக்கிழமை தோறும் நீ வேலை பார்க்கும் புற்றுநோய் வார்ட்டில் இருக்கும் நோயாளிகளின் பெயர்களைப் போனில் சொல்வாய், நானும் கடதாசித் துண்டில் எழுதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் துஆக் கேட்க மௌலவியிடம் கொடுப்பேன். நல்லரெத்தினம் மாஸ்டர், குசுமா என்று எல்லாப் பெயரையும் அவர் குறையில்லாமல் வாசித்தார். மூன்று கிழமையாக நீ பெயர் தரவில்லை. கொழும்பில் நோய் ஒழிந்துவிட்டதா என்று பகிடியாகத்தான் கேட்டேன். பேர் எழுதி என்ன வாப்பா, எழுதின ஆக்கள்ள பாதிப்பேர் போயிட்டாங்க, இப்ப எனக்கு அழுகையும் வருதில்ல என்றாய். குர்பானுக்குக் கட்டிய ஆட்டுக்காக இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுத பிள்ளை நீ. எனக்குப் பயமாகிவிட்டது மகள். அதனால் இந்த வெள்ளி துண்டில் உன் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். என்ன வருத்தம் என்று மௌலவி கேட்டார். களைப்பு என்றேன். அதற்கும் ஷிபா கேட்கலாம், அல்லாஹ் குணமாக்குவான் என்று சொல்லி, முனாபுடைய மகள் ஸகியா என்று மைக்கில் வாசித்துவிட்டார். தொழுகை முடிந்து நான் செருப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் வீட்டில் ஆட்கள்.

இப்போது அலுமாரி நிறைய மாரி பிஸ்கட்டும் தோடம்பழமும். மீன்காரர் காலிதீன் பால்சுறா கொண்டுவந்தார். அது பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மீன் என்று உம்மா அவரை ஏசி அனுப்பிவிட்டு, ஆக்கி அவளே தின்றாள். வந்தவர்களெல்லாம் கட்டிலை எட்டிப் பார்க்கிறார்கள். மகள் வருவா, வந்து படுப்பா, அப்ப வந்து பாருங்க என்று உம்மா சொல்லிவிட்டாள், சொன்னதோடு கட்டிலுக்குப் புது விரிப்பும் விரித்துவிட்டாள். ஆகவே லீவு எழுதிக் கொடு. வேலையை விடச் சொல்லவில்லை, ஒரு கிழமை வந்து படு என்கிறேன். நீ இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி இடிந்து விழாது. பிரஷர் பார்க்கச் சொல்லி மாமிமார் வந்தால் நானே விரட்டுவேன். அழுகை வந்தால் அழு, வராவிட்டால் பிஸ்கட்டைத் தின்னு.

அல்லாஹ் உன் கைகளுக்குப் பறக்கத்தையும் களைத்த கல்புக்கு ஆறுதலையும் தரட்டும். வரும் நாளை வியாழனுக்குள் சொல். இல்லையென்றால் அடுத்த ஜும்ஆவிலும் உன் பெயர்தான், குணமாகும் வரை வாசிக்கச் சொல்லி மௌலவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னை நோய் விசாரிக்க முதல் ஆளாகக் காத்திருக்கும்
வாப்பா,
முனாப்