கடைசிக் கப்பல் போனபிறகு வந்த காசு

உம்முடைய பார்காவை இன்று போட்டுக்கொண்டு போனேன். பேஸ்மென்ட் அலுமாரியைத் திறந்ததும் அதே மணம் வந்தது, ஹீட்டிங் எண்ணெயும் மீனும் கலந்த மணம். "ஸ்காபரோக் குளிருக்கு உவ்வளவு பெரிய கோட் தேவையோ? ஆக்கள் சிரிக்கப் போகினம்" என்றாள் மனைவி. சிரிக்கட்டும் என்று போட்டுக்கொண்டுதான் போனேன்.

போனது ஒரு கூட்டத்துக்கு. பிளாசா ஒன்றின் பின்பக்க மண்டபம், றோல்ஸ், தேநீர், மடக்குக் கதிரைகள். ஊர்ப் பிரச்சினைக்குத் தீர்வு என்ன, மத்தியும் பிரதேசங்களும் அதிகாரத்தைப் பங்கிடும் சமஷ்டியா என்பதுதான் பேச்சு. இங்கேயே பிறந்த ஒரு பிள்ளை, நன்றாக உடுத்தியிருந்தான், மேடையில் நின்று சொன்னான்: "கனடாவைப் பாருங்கோ. இதுதான் ரியல் சமஷ்டி. இந்த நாட்டின்ரை வடக்குக்குக் கூடத் தனி அரசாங்கம் இருக்கு, தனி பட்ஜெட் இருக்கு." எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கை இரண்டும் உம்முடைய பார்காப் பைகளுக்குள் இருந்தன. அந்த வடக்கின் பட்ஜெட்டோடு மாரடித்த மனிதர் ஒருவர் எங்கள் பேஸ்மென்ட்டில்தான் கண்ணை மூடினார் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நீரும் நானும் ஊரில், அந்த நாட்டின் வடக்கில், ஓர் அரசாங்கக் கந்தோரில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் "நீர்" என்று கூப்பிடத் தொடங்கியது அங்கேதான்; கடைசிவரை அது மாறவில்லை. தெருப் போடும் பகுதியின் கணக்கு நம்மிடம் இருந்தது. மத்திய அரசிலிருந்து தெருவுக்கான காசு மாரி தொடங்கியபிறகுதான் வந்து சேரும். வெள்ளத்துக்குள் எப்படித் தார் ஊற்றுவது? வருட முடிவில் காசு வந்த வழியே திரும்பிப் போய்விடும். பிறகு மேலிடத்து ஆள் ஒருவர் வருவார். வடக்கில் உள்ளவர்களுக்குச் செலவழிக்கும் திறமை இல்லை என்று சொல்லிவிட்டு, நண்டுக்கறியோடு சாப்பிட்டுவிட்டுப் போவார். அவருடைய வாகனம் போன திசையைப் பார்த்தபடி நீர் சொன்னீர்: "சமஷ்டி வந்தால் உது நடவாது, பாரும்."

பிறகு எல்லோரையும் போல ஓடிவந்தோம். நான் தொழிற்சாலைக்குப் போனேன். நீர் திரும்பவும் சோதனைகள் எழுதிக் கணக்காளரானீர். கடல் உறையும் அந்த வடக்குப் பிரதேசத்தின் நிதித் திணைக்களத்தில் உமக்கு வேலை கிடைத்தபோது நான் பேசாத பேச்சில்லை. "சனம் ஸ்ரௌவ்வில்லிலை வீடு வாங்குது, நீர் பனிக்கரடிக்குக் கணக்கு எழுதப் போறீரோ?" என்று கேட்டேன். "எங்களுக்குக் கிடைக்காததைக் கிட்ட நிண்டு பாக்கப் போறன்" என்றீர். முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை இருந்தது.

அந்தக் களை எப்போது போனது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் போனில் புளுகத்தோடு, சந்தோஷம் பொங்கப் பேசுவீர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சம்பளம் எல்லாவற்றுக்கும் மத்தியின் காசு ஒழுங்காக வருகிறது என்பீர். புதிதாக ஒன்றைக் கட்டவேண்டும் என்றால்தான் சிக்கல். அதற்கு மத்தியிடம் தனியாகக் கேட்கவேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கவேண்டும். நீர் கேட்டது ஒரு முதியோர் இல்லம். படுக்கையில் விழுந்த கிழடுகளைப் பார்க்க அந்தச் சின்ன ஊரில் இடமில்லாமல், விமானத்தில் ஏற்றித் தெற்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் நடந்து திரும்பி வந்ததில்லை.

உம்முடைய பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அடிக்கடி சொல்வீர். அந்த மண்ணின் பழைய வேட்டைக்காரர். முதற்குளிரில் உம்முடைய வாசற்பனியை வெட்டி வழிவிட்டவர். கடையில் வாங்கிய உம்முடைய கோட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, மகளைக்கொண்டு இந்தப் பார்காவைத் தைப்பித்துத் தந்தவர். அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துபோன வருடத்தில்தான் இல்லத்துக்கான காசு வந்தது. வந்தது எப்போது? கடைசிக் கப்பல் போனபிறகு.

எனக்கு விளங்கவில்லை. பொறுமையாகச் சொன்னீர். அந்த ஊருக்குத் தெரு கிடையாது. மரம், சீமெந்து, ஆணி எல்லாம் கோடையில் கப்பலில்தான் வரவேண்டும். கடல் உறைந்துவிட்டால் அடுத்த கோடை வரை ஒன்றும் அசையாது. காசையோ நிதியாண்டு முடியும் பங்குனிக்குள் செலவழித்துவிடவேண்டும். "கடைசிக் கப்பல் போனாப்பிறகு காசு வரும். முதல் கப்பல் வரமுந்திக் காசு போயிடும்" என்றீர். கோடைவரை தவணை கேட்டு எழுதினீர். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. காசு திரும்பிப் போயிற்று. கிழவரைத் தெற்கே, எங்கள் நகரத்து ரெக்ஸ்டேலில் உள்ள ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள்.

"ஒருக்கா போய்ப் பாரும்" என்றீர். "அவரின்ரை பாஷை தெரிஞ்ச ஒருத்தரும் அங்கை இல்லை."

"எனக்கு மட்டும் தெரியுமோ?"

"தெரியாதுதான். ஆனால் அப்பிடி இருக்கிறது எப்பிடி எண்டு உமக்குத் தெரியும்."

பஸ் மாறி மாறி நகரத்தின் மற்றத் தொங்கலுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று எங்கள் ஆக்களின் கடையில் மீன் வாங்கிக்கொண்டு போனேன். பச்சை மீனைச் சாப்பிடக் கொடுக்க முடியாது என்று தாதி சொல்லிவிட்டாள். கிழவர் நல்ல கையால் பையை இழுத்து மணந்து பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வளர்ப்பு மீன் என்பதை மணத்திலேயே கண்டுபிடித்திருப்பார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மீன் பையை எடுத்துக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறினேன்.

பனி உருகத் தொடங்குமுன் அவர் செத்துப்போனார். உடலைப் பெட்டியில் வைத்து வடக்கே கொண்டுபோன செலவுக்குக் கையெழுத்து வைத்தவர் நீர். செலவுத் தலைப்பைக் கந்தோர்ப் பாஷையில் வோட் என்போம் அல்லவா? அன்று போனில் நீர் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "உயிரோடை வைச்சிருக்கக் காசில்லை. பெட்டியிலை அனுப்பக் காசிருக்கு. ஏனெண்டு கேட்டால், அது வேறை வோட்டாம்."

உம்முடைய திணைக்களத்தின் அடுத்த கூட்டத்துக்கு மத்தியிலிருந்து ஒருவர் வந்தார். திரும்பிப்போன காசைக் காட்டி, வடக்கில் உள்ளவர்களுக்குச் செலவழிக்கும் திறமை போதாது என்றார். அதே வசனம், பாஷைதான் வேறு. நீர் வாய்விட்டுச் சிரித்துவிட்டீர். அடுத்த வருடக் காசும் நின்றுவிடும் என்று பயந்துபோன உம்முடைய சொந்த மந்திரியே உம்மை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டீர். கேட்டுவிட்டு, வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு எங்கள் பேஸ்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தீர்.

உமக்காக எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. "அங்கை கேட்டால் அடிப்பாங்கள், இஞ்சை கேட்டால் மன்னிப்புக் கேக்க வைப்பாங்கள். உதுதான் முன்னேற்றம்" என்று சொல்லிச் சிரிப்பீர். எனக்குச் சிரிப்பு வராது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உமக்கு இரண்டு வடக்கிலும் வந்தது. போன மாசியில் நெஞ்சு நோகுது என்று படுத்தவர் எழும்பவில்லை. அதற்குக் கொஞ்சநாள் முன்புதான் சொன்னீர்: "இனி ஆர் சமஷ்டி எண்டு வந்தாலும் ஒண்டை மட்டும் கேளும். காசு எந்த மாசம் வரும்?"

இன்று கேட்டேன். கேள்வி நேரத்தில் எழும்பி, இந்தப் பெரிய பார்காவோடு நின்று, "தம்பி, காசு எந்த மாசம் வரும்?" என்றேன். மண்டபம் சிரித்தது. அந்தப் பிள்ளை மரியாதையாகத்தான் பதில் சொன்னான்: "அங்கிள், அது சின்ன டீடெயில். முதல்லை அதிகாரம் வரட்டும்." அதற்கும் கைதட்டினார்கள். ரெக்ஸ்டேலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். மைக் அடுத்தவரிடம் போய்விட்டது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். குளிருக்கு உம்முடைய பார்கா நன்றாகத்தான் இருந்தது. இது நவம்பர். ஊரில் மாரி பிடித்திருக்கும். உம்முடைய வடக்கில் கடைசிக் கப்பல் போயிருக்கும். இரண்டு இடத்துக்கும் இப்போதுதான் காசு வந்து சேர்ந்திருக்கும்.