பாண் கேட்டு வந்தவனுக்கு

நீ கச்சால் தீவில் இறந்து இருபது நாளாகிவிட்டது. நெஞ்சுச் சளி என்றார்கள். நேற்றுக் கப்பலில் வந்த ரப்பர் தோட்டத்து மேஸ்திரி, மூட்டையைக் கடையில் இறக்கிக்கொண்டே சொன்னான்: "லங்காவாலா ஒருத்தன் போயிட்டான் சேட். உங்களத் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பான்." மூட்டையில் புகைபோட்ட ரப்பர் வாடை. உன் சட்டையிலும் அதே வாடைதான் அடிக்கும். "பேரு கேட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அவனை அனுப்பிவிட்டேன்.

உனக்கு எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. பிரயோஜனம் இல்லாத காரியத்தில் நான் இறங்குகிறவனில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

இலங்கை மலைத்தோட்டத்தில் நம் இரண்டு வீடும் ஒரே லயத்து வரிசையில், ஒரு சுவர் தள்ளி. அங்கே நாம் இந்தியாக்காரன். திருப்பி அனுப்பப்பட்டு மண்டபம் முகாமில் இறங்கியதும் சிலோன்காரன். கச்சாலுக்கு ரப்பர் பால் வெட்ட வந்தபின் லங்காவாலா. "பேரு வக்கிறவன் சோறும் போட்டாச் சரிதான் மச்சான்" என்பாய், பீடியைப் பற்றவைத்துக்கொண்டு. உனக்கு அது வேடிக்கை. எனக்கு ஒவ்வொரு பெயரும் தோலில் ஒட்டியது.

கச்சாலிலிருந்து முதன்முதலாகப் போர்ட் பிளேருக்கு வந்தோம். கப்பலில் இரண்டு நாள் வாந்தி, இறங்கியதும் கொலைப்பசி. துறைமுகத்துக்கு வெளியே ஒரு பெட்டிக்கடையில், "ரெண்டு பாண் குடுங்க" என்றேன். நாம் பிறந்த இடத்தில் ரொட்டிக்கு அதுதான் பேர். கடைக்காரன் இரண்டு வெற்றிலை பீடாவை மடித்து நீட்டினான். வேண்டாமென்று கையாட்டினேன். "பான் மாங்கா, பான் தியா! அவுர் க்யா?" என்று, கேட்டதைத்தானே கொடுத்தேன் என அவன் கத்த, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ இரண்டையும் வாங்கி வாயில் அடக்கி, சிவந்த பல்லைக் காட்டி, "நல்ல பாண்டா மச்சான், மெல்ல மெல்ல ஊறுது" என்றாய். என்னைப் பார்த்துச் சிரித்த கூட்டம் இப்போது உன்னோடு சேர்ந்து சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இனி எவனும் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நீ கச்சாலுக்குத் திரும்பிப் போனாய். நான் போகவில்லை. மூட்டை தூக்கினேன், ஹிந்தி படித்தேன், இங்கேயே டாலிகஞ்சில் கடை போட்டேன். ஊர் கேட்டவர்களிடம் தூத்துக்குடி என்றேன். நம்பிச் சரக்கு கொடுத்தார்கள். சொல்லச் சொல்ல, நான் பார்த்தேயிராத அந்தக் கடற்கரை எனக்கே ஞாபகம் வர ஆரம்பித்தது.

அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு என்று நீ வந்தாய். கடையில் மரக் கான்ட்ராக்டர் உட்கார்ந்திருந்தார்; நிஜமான தூத்துக்குடிக்காரர், தன் பெண்ணை எனக்குக் கொடுப்பது பற்றிப் பேச வந்தவர். நீ இருமிக்கொண்டே படியேறி, "டேய் மச்சான், பாண் இருக்காடா?" என்றாய்.

"க்யா சாஹியே?" என்றேன், என்ன வேண்டும் என்று யாரோ வாடிக்கையாளரிடம் கேட்பதுபோல.

நீ என் முகத்தைப் பார்த்தாய். அவரைப் பார்த்தாய். பிறகு நிதானமாக, "ஏக் டபுள் ரொட்டி, சேட்ஜி" என்றாய். பாணுக்கு இங்கே அதுதான் பேர். வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாய்.

"யாருல அது?" என்றார் அவர்.

"கச்சால் கூலி."

"மச்சான்னு கூப்ட்டானே." அவர் சிரித்தார். "ஏ மாப்ள, தூத்துக்குடியில எவம்ல சாயாவத் தேத்தண்ணிம்பான்? நீ அப்டிச் சொன்ன மொத நாளே தெரியும்லா எனக்கு."

அப்படியானால் எதற்காக உன்னை அப்படி நிற்க வைத்தேன்? நீ அப்போது பஸ் நிற்கும் இடத்தைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாய். ஓடிவந்து கூப்பிட்டிருக்கலாம். பேச்சு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

நேற்று மேஸ்திரி போனபின் பின்கட்டில் போய் அழுதேன். "அரே யார், அரே யார்" என்று ஹிந்திதான் வாயில் வந்தது. நம் லயத்துப் பேச்சில் ஒரு சொல் வரவில்லை. "யாருங்க தவறிட்டாங்க?" என்று மனைவி கேட்டாள். சரக்கு எடுக்கிற ஆள் என்றேன். வேறு பதில் சொல்லும் உரிமையை அன்றைக்கே விற்றாகிவிட்டது.

கான்ட்ராக்டரோடு அன்று பேசி முடித்தது இதுதான். பெண்ணையும் இதே ஊர் பத்துபஸ்தியில் ஒரு வீட்டையும் அவர் தருவார். கல்யாணப் பத்திரிகையில் என் ஊர் தூத்துக்குடி. பிறக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே. கச்சாலிலிருந்து எவரும் வாசல் மிதிக்கக் கூடாது. நல்லது கெட்டது எதற்கும் நான் அங்கே போகக் கூடாது. நானும் பேரம் பேசாமல் இல்லை. வீட்டோடு, தெருவைப் பார்த்த கடையறையும் வேண்டும் என்றேன். சரி என்றார்.